வாசல் இல்லாத ஜவுளிக்கடை

தொண்ணூறுகளின் கடைசியில் கிள்ளானில் ஓர் இடைநிலைப் பள்ளியில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தேன். வீடு பிரிக்பீல்ட்ஸில். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவேன். திரும்பும்போது மடியில் நாட்குறிப்பை வைத்து அன்றைய நாளை எழுதிவிடுவது வழக்கம். உட்கார இடம் கிடைக்காத நாட்களில் குறிப்பு சுருக்கமாக இருக்கும். கீழே சொல்லப்போவதில் பேச்சுகள் பெரும்பாலும் அந்தக் குறிப்புகளில் உள்ளவை. முகங்களும் சிரிப்பும் நினைவில் உள்ளவை. அவற்றுக்கு நான் ஒருத்தி மட்டுமே சாட்சி.

பள்ளிக்குக் கணினிக்கூடம் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வார நாட்களில் எங்கள் தமிழ்மொழிக் கழகத்துக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. சனிக்கிழமை காலையில் யாரும் கேட்கவில்லை என்பதால் அது எங்களுடையதாயிற்று. கோலாலம்பூரில் நடந்த ஓர் ஆசிரியர் பயிற்சியில் ஓர் இணையத்தளத்தைக் காட்டியிருந்தார்கள். மாணவர்கள் தாங்களே கிளைக்கதை எழுதிப் பார்க்க அதில் இலவசமாக இடம் கொடுத்தார்கள். ஒரு பெட்டியில் கதையின் ஒரு துண்டைத் தட்டச்சு செய்யவேண்டும். அதற்குக் கீழே இரண்டு சிறிய பெட்டிகள். வாசகர் இப்படிச் செய்தால் இந்தப் பக்கம், அப்படிச் செய்தால் அந்தப் பக்கம் என்று அவற்றில் குறிக்கவேண்டும். அவ்வளவுதான். வாசகர் சுட்டியால் தொட்டதும் கதை அந்த வழியில் போகும். உதாரணமாக அவர்கள் வைத்திருந்த கதை ஒரு கோட்டையையும் குகையையும் பற்றியது. எனக்குச் சுவைக்கவில்லை. ஆனால் கதையின் முடிவு படிப்பவர் கையில் இருக்கிறது என்பது மனத்தில் ஒட்டிக்கொண்டது.

நான் மாணவர்களுக்குக் காட்டியதும் அந்த அளவுதான். மற்றதெல்லாம் அவர்களே கண்டுபிடித்தார்கள். அந்தக் காலத்தில் தமிழ் எழுத்துரு இல்லாத கணினியில் எங்கள் கதைகளைத் திறந்தால் கேள்விக்குறியும் புள்ளியும் கொம்பும் முளைத்த ஏதோ ஒன்று தெரியும். அதனால் எழுத்துருவை டிஸ்கெட்டில் கொண்டுவந்து ஒவ்வொரு கணினியிலும் ஏற்றினார்கள். இணையத் தொடர்போ அலுவலகத் தொலைபேசிக் கம்பியிலிருந்து வந்தது. சனிக்கிழமையும் வேலைக்கு வரும் அலுவலக எழுத்தர், எங்களுக்குக் கிராணி அம்மா, யாருக்காவது போன் செய்ய எடுத்தால், எங்கள் திரையில் பக்கம் பாதியில் நின்றுவிடும். முதலில் எல்லாவற்றையும் சாதாரணக் கோப்பில் எழுதிச் சேமித்து வைத்து, இணைப்பு கிடைத்த நேரத்தில் பெட்டிகளில் ஒட்டிக்கொள்ளும் பழக்கம் அப்படித்தான் வந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கணினியைத் தொடுவதற்கு முன் எல்லோரும் மாஜோங் தாளில் கதையின் வரைபடத்தைப் போடுவார்கள். வகுப்பறைகளில் குழு வேலைக்குப் பயன்படுத்தும் அந்தப் பெரிய வெள்ளைத் தாளைத் தரையில் விரித்து, ஒரு பக்கத்துக்கு ஒரு கட்டம், கட்டத்திலிருந்து கட்டத்துக்கு ஓர் அம்பு. காப்பாரிலிருந்து அண்ணனின் மோட்டார் சைக்கிளில் வரும் ஒரு பையன் இருந்தான். கழகத்தின் வாய் அவன்தான். அவனுடைய கதை, காப்பாரிலிருந்து பள்ளிக்கு மணியடிப்பதற்குள் வந்து சேர்வது பற்றியது. எந்த அம்பைப் பின்தொடர்ந்தாலும் கட்டொழுங்கு ஆசிரியரின் பிரம்பில் போய் முடியும்.

அவனுக்கு எதிரில் உட்கார்ந்து வரைந்தவள் நான்காம் படிவத்துப் பெண் ஒருத்தி. கிள்ளானில் நம்மவர் கடைகள் நிறைந்த தெருவில் அவளுடைய தந்தை ஜவுளிக்கடை வைத்திருந்தார். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த முஸ்லிம் குடும்பம். கடை தாத்தா காலத்தது. பள்ளி விட்டதும் அவள் கடைக்குப் போய்விடுவாள். வீட்டுப்பாடம்கூட அங்கே துணிக்கட்டுகளுக்கு நடுவில்தான் என்று சொல்வாள். வகுப்பில் அதிகம் பேசமாட்டாள். எழுதினால் நிறுத்தமாட்டாள்.

அவளுடைய தாளை முதலில் பார்த்தவன் காப்பார் பையன்.

"என்ன இது, முறுக்கா? எங்க தொட்டாலும் சுத்திக்கிட்டே இருக்கு."

"உன் கதைக்கு இது தேவலாம். எந்தப் பக்கம் போனாலும் பிரம்படி."

"அது உண்மைச் சம்பவம் லா."

நான் குனிந்து பார்த்தேன். அவளுடைய கதையில் வாசகர் ஒரு பெண்மணி. ஜவுளிக்கடைக்குள் நுழைகிறார். கடைக்காரர் ஒரு சேலையை விரிக்கிறார். அந்தச் சேலை பிடித்திருந்தால், அதைக் கட்டிக்கொண்டு போகும் நாள் ஒன்று திறக்கும். பச்சைச் சேலை என்றால் டெங்கிலில் ஒரு தோட்டத்துக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது. நீலம் என்றால் மகளின் முதல் வேலை நாள். மகளோடு அலுவலக வாசல் வரை போகலாமா, பஸ் நிறுத்தத்தோடு நின்றுவிடலாமா? வெள்ளைச் சேலையைத் தொட்டால் கடைக்காரர் ஏன் என்று கேட்காமல் மடித்துத் தருகிறார். அடுத்த பக்கத்தில் ஒரு வீட்டு முன்னால் கழற்றிவைத்த செருப்புகள் மட்டும். வேண்டாம் என்றால் அந்தச் சேலை மடிக்கப்படும், வேறொன்று விரியும். ஒவ்வொரு துணியும் ஒரு வாழ்க்கை. பதினாறு வயதில் இதை எப்படி யோசித்தாள் என்று அன்று ரயிலில் வெகுநேரம் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு புரிந்தது. அந்தக் கடைக்கு நான் போயிருக்கிறேன். வெள்ளை விரிப்பின்மேல் அவளுடைய தந்தை உட்கார்ந்திருப்பார். பருத்திச் சேலை ஒன்று வேண்டும் என்று நான் கேட்டால், இருக்கிறது என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். "யாருக்கும்மா, உங்களுக்கா, குடுக்கறதுக்கா?" என்பார். அதற்கு நான் சொல்லும் பதிலைப் பொறுத்து ஒரு கட்டு இறங்கும். கரை அகலமா என்று நான் முகம் சுளித்தால் அடுத்த கட்டு. தீபாவளி நெருக்கத்தில் காப்பாரிலிருந்தும் சுங்கை பூலோவிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். ஒவ்வொருவரிடமும் வேறு கேள்வி, வேறு கட்டு. அந்தப் பெண் பிறந்ததிலிருந்து கிளைக்கதைகளைத்தான் கேட்டு வளர்ந்திருக்கிறாள். அந்தக் கடையிலிருந்து நான் ஒருநாளும் வாங்காமல் வெளியே வந்ததில்லை.

கதை பாதிக்கு மேல் இணையத்தில் ஏறிய பிறகு காப்பார் பையன் உட்கார்ந்து படித்துப் பார்த்தான். முதலில் சிரித்தான். டெங்கில் கல்யாணத்தில் திரைக்கு அருகே குனிந்துகொண்டான். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு கத்தினான்.

"டீச்சர், நான் இவ கடைக்குள்ள மாட்டிக்கிட்டேன். வெளிய வர வழியே இல்ல. யாராச்சும் போலீஸக் கூப்பிடுங்க!"

உண்மைதான். எந்தச் சேலையை எடுத்தாலும், மறுத்தாலும், கல்யாணம் முடிந்தாலும், துக்கம் முடிந்தாலும், கடைசியில் அம்பு கடைக்காரரின் வெள்ளை விரிப்புக்கே திரும்பியது. கதைக்கு முடிவு என்று ஒரு பக்கமும் இல்லை. இது ஒரு தவறு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"கடைக்கு வந்தவங்கள அனுப்பக்கூடாது டீச்சர். காட்டிக்கிட்டே இருக்கணும். எங்க அத்தா அப்படித்தான் செய்வாங்க."

"காட்டிக்கிட்டே இருந்தா கதை எப்பம்மா முடியும்?"

"கடை முடியறதில்லையே."

கதையை ஒரு வாரம் அப்படியே விட்டுவைத்தோம்.

அடுத்த சனிக்கிழமை அவள் வேறு விஷயத்தோடு வந்தாள். கணினியைத் திறக்காமல் என் மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். தேர்வு அட்டை எடுக்கப் பெற்றோர் வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு அத்தா வருவாங்க டீச்சர். வந்து, சனிக்கிழமை இனிமே அனுப்பமாட்டேன்னு உங்ககிட்ட சொல்லப்போறாங்க."

"ஏன்?"

"சனிக்கிழமை கடையில கூட்டம். அப்புறம் இந்த இன்டர்நெட்ல என்னென்னமோ வருதாமே, யாரோ சொல்லியிருக்காங்க."

அவள் வீட்டில் கணினி இல்லை. கடைத்தெருவில் புதிதாக வந்திருந்த இணைய மையத்துக்கு அவளை அனுப்பமாட்டார்கள். அங்கே பையன்கள் இரைந்துகொண்டு விளையாடுவார்கள். சனிக்கிழமை போனால் கதையும் போகும். அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. என் மேசையில் இருந்த சுட்டியின் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டு, அழாமல், மிகவும் கவனமாகப் பேசினாள். நான் பேசிப் பார்க்கிறேன் என்றேன். வேண்டாம் என்று அவள் தலையை ஆட்டினாள்.

"நீங்க பேசினா மரியாதைக்குக் கேட்டுக்குவாங்க டீச்சர். அப்புறம் அனுப்பமாட்டாங்க. அவங்க கதையப் படிக்கணும்."

தேர்வு அட்டை நாளன்று இணைப்பு கிடைக்கிறதோ இல்லையோ என்று, கதைகள் எல்லாவற்றையும் ஒரு கணினியிலேயே படியெடுத்து வைத்திருந்தோம். அவளுடைய தந்தை நண்பகலுக்கு முன் வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கையில் மடித்த குடை. அட்டையை வாங்கிப் பார்த்தார். கணிதத்தில் விரல் வைத்தார், எடுத்தார். தமிழில் வைத்தார், என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அவர் அடுத்த பேச்சைத் தொடங்குவதற்குள் நான், மகள் எழுதியதை ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள் என்றேன். கணினிக்கூடத்துக்குள் காலணியோடு போகக்கூடாது என்பது பள்ளியின் விதி. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மகள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். காப்பார் பையன் ஒரு மூலையில் தன் கணினியைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தான்.

சுட்டியை அவர் தொடவில்லை. "நீயே அமுக்கு, நான் சொல்றேன்" என்றார். முதல் பக்கத்தைப் படித்தார். விரிப்பு, துணிக்கட்டு, "யாருக்கும்மா, உங்களுக்கா, குடுக்கறதுக்கா?" என்ற கேள்வி. மகளைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"இது நம்ம கடையா?"

"ஏதோ ஒரு கடை அத்தா."

"ஏதோ ஒரு கடை." சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சரி. பச்சை வேணாம்."

நீலம் விரிந்தது. அதுவும் வேண்டாம் என்றார். மஞ்சளும் வேண்டாம். கடைக்கு வரும் மிகக் கடினமான வாடிக்கையாளர் எப்படி உட்காருவாரோ அப்படி உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொன்றாக மறுத்தார். அவள் முகத்தில் எதுவும் காட்டாமல் ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டே போனாள். தந்தையும் மகளும் வியாபாரம் செய்துகொண்டிருப்பதை அப்போதுதான் நான் கவனித்தேன்.

"பச்சைய எடுத்தவுடனே காட்டிட்டியே. நல்லத மொதல்ல காட்டினா அப்புறம் எத வச்சு இழுப்ப?"

"மாத்திடறேன் அத்தா."

வெள்ளைச் சேலை வந்தபோது அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பக்கத்தை உள்ளே போய்ப் படித்தார். செருப்புகள் கிடக்கும் அந்த வீட்டு முன்னால் கதை நின்றபோது, சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மறுபடி அதே பையில் வைத்தார்.

"போன வருஷம் வெள்ளை கேட்டு வந்தாங்களே, அவங்களா?"

"ம்."

"நான் ஒண்ணும் கேக்கலேன்னு எழுதியிருக்க."

"நீங்க கேக்கலையே அத்தா. நான் அங்கதான் இருந்தேன்."

மகள் சுட்டியை அமுக்கினாள். அம்பு மறுபடி விரிப்புக்கு வந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி, எனக்கு ஒண்ணும் வேணாம். நான் போகணும். எத அமுக்கணும்?"

மகள் கையை எடுத்துவிட்டாள். மூலையிலிருந்து குரல் வந்தது. "போகமுடியாது அங்கிள். நான் ரெண்டு வாரமா உள்ளதான் இருக்கேன்."

அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "ஏம்மா, விடாமப் பிடிச்சு வச்சுக்கிட்டா அது கடையா, லாக்கப்பா?"

"வந்தவங்கள அனுப்பக்கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

"சொல்வேன். ஆனா நான் என்ன செய்யறேன்னு நீ பார்த்ததில்லையா? ஓ, நீ உள்ள கட்டு மடிச்சுக்கிட்டு இருப்ப." என் பக்கம் திரும்பினார். "டீச்சர், வேணாம்னு எழுந்திரிச்சா, சரிங்கன்னு விட்டுடணும். இழுத்துப் பிடிச்சா கோவம் வரும். வாசல்ல செருப்பு மாட்டுவாங்க பாருங்க, அப்பக் கூப்பிட்டுக் கடைசி வெலையச் சொல்லணும். அதுக்கு முன்னாடி சொன்னா மதிப்பில்ல. படி எறங்கிட்டாங்கன்னா பக்கத்துக் கடைக்காரன் பிடிச்சுக்குவான். பாதி யாவாரம் அங்கதான் நடக்குது."

அவள் அதை எழுதிக்கொள்ளவில்லை. தந்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவர் எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். "நல்லா எழுதுது பொண்ணு. நீங்கதான் காரணம்" என்றார். இல்லை என்று சொல்ல எனக்கு இடம் தராமல் தொடர்ந்தார். "ஆனா டீச்சர், சனிக்கிழமை இனிமே முடியாது. கடையில ஆள் பத்தல. தப்பா நெனச்சுக்காதீங்க. வரேன்."

மகளைப் பார்த்தேன். அவள் எழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. அவர் வாசலுக்குப் போய், ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, வலது காலைச் செருப்புக்குள் விட்டார்.

"அத்தா." உட்கார்ந்த இடத்திலிருந்தே கூப்பிட்டாள். "காலையில கடை. மதியம் லுஹர் தொழுதுட்டு லேப்."

அவருடைய இடது கால் அந்தரத்தில் நின்றது.

"லேப் காலையிலதானே?"

"மாத்திக்கலாம்" என்றேன், யாரும் என்னைக் கேட்காமலே.

"எத்தன மணி வரைக்கும்?"

"சாயங்காலம் அஸர் தொழுகை வரைக்கும்."

"அஸருக்கு முன்னாடி. நான் வேன்ல வந்து கூப்பிட்டுக்குவேன். நீ பஸ்ல வரவேணாம்."

"சரி. ஆனா தீபாவளிக்கு முன்னாடி ரெண்டு சனிக்கிழமை நான் வரல, நாள் முழுக்கக் கடையில இருக்கேன்."

கேட்காத ஒன்றை அவளே சேர்த்துக் கொடுத்ததும் அவர் முகம் மாறியது. அதை அவர் எதிர்பார்க்கவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

"இன்டர்நெட்ல வேற எதையும் பாக்கக்கூடாது."

"எங்க அத்தா பாக்கறது? கிராணி அம்மா போன எடுத்தாலே எல்லாம் நின்னுடும்."

"முடிஞ்சுது அங்கிள், டீல் லா!" என்றான் காப்பார் பையன்.

"நீ யாருப்பா நடுவுல, புரோக்கரா?" என்றார் அவர். ஆனால் இடது செருப்பையும் மாட்டிக்கொண்டு, என்னைப் பார்த்துக் குடையை உயர்த்திக் காட்டினார். "பாருங்க டீச்சர். என் கடையில வேல பார்த்த ஒருத்தனுக்கும் இது வரல." சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

சனிக்கிழமை மதியத்துக்கு மாறியதில் மற்றவர்களுக்குக் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. கூடத்தில் மதிய வெயில் நேராக அடிக்கும், குளிர்சாதனம் திணறும். ஆனால் கிராணி அம்மா மதியத்தில் வீட்டுக்குப் போய்விடுவார் என்பதைக் காப்பார் பையன்தான் முதலில் உணர்ந்தான். கம்பி முழுக்க எங்களுடையது. முணுமுணுப்பு நின்றது.

வெளியே போகும் பக்கத்தை அவள் உடனே எழுதிவிட்டாள். வாடிக்கையாளர் எழுகிறார், கடைக்காரர் சரிங்க என்கிறார், வாசலில் ஒரு குரல் கூப்பிடுகிறது. திரும்பினால் விலை குறையும், சேலை கிடைக்கும். அது அவளுக்கு எளிதாக வந்தது. திரும்பாவிட்டால் என்ன என்பதற்கு இரண்டு சனிக்கிழமைகள் எடுத்துக்கொண்டாள். வாங்காமல் போகிறவர்கள் எங்கே போகிறார்கள் என்று தனக்குத் தெரியாது என்றாள். கடையிலிருந்து பார்த்தால் படி இறங்கும்வரைதான் தெரியும். எனவே ஒருநாள் கடையை விட்டு வெளியே வந்து, எதிர்ச்சாரியில் பூக்கடைப் பக்கம் நின்று, அப்படிப் போனவர்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தப் பக்கத்தில் ஒரு பெண்மணி வெறுங்கையோடு பஸ் நிறுத்தத்துக்கு நடக்கிறார். காப்பார் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருகிறார். வீட்டில் பெட்டியைத் திறந்து, தன் கல்யாணத்துக்குக் கட்டியதை எடுத்து உதறி, மகளின் தோளில் போட்டுப் பார்க்கிறார். நீளம் சரியாக இருக்கிறது. அவளுடைய கதையில் வேறு பக்கத்துக்கு அம்பு போகாத பக்கம் அது ஒன்றுதான். அதற்குக் கீழே இரண்டு பெட்டிகளையும் காலியாக விட்டிருந்தாள். அங்கே கதை முடிந்தது.

அதை அவள் எழுதி முடித்த சனிக்கிழமை தந்தை வழக்கம்போல் வேனை வாசலில் நிறுத்திவிட்டு அஸருக்கு முன்னாலேயே வந்துவிட்டார். கிளம்பு என்றார். கிளம்புகிறேன் என்று அவள் பையை மூடிக்கொண்டிருந்தாள். திரையில் அந்தப் பக்கம் திறந்தபடி இருந்தது. அவர் நின்றபடியே படிக்கத் தொடங்கினார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். சுட்டியை அவரே பிடித்து, எங்களில் யாரையும் கேட்காமல் கதையின் முதல் பக்கத்துக்குப் போனார். அந்தப் பெண்மணிக்கு என்னென்ன காட்டப்பட்டது என்று ஒவ்வொரு சேலையாகத் திரும்பப் பார்த்தார்.

"இந்தம்மாவுக்கு நான் என்ன வெல சொன்னேன்?"

"கதை அத்தா."

"தெரியுது. வெல என்ன?"

அவள் சொன்னாள். அவர் கொஞ்சம் யோசித்தார். "இன்னும் கொறச்சிருக்கலாம்" என்றார், திரையைப் பார்த்தபடி. மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவருகில் காத்திருந்தாள். அன்று வேன் கிளம்பியபோது அஸர் தாண்டியிருந்தது.